மேல்நாட்டுக் கலாச்சாரத்தின் உயரம்

எந்தக் கூட்டத்தில் வேண்டுமானாலும் சேர்ந்து பாருங்கள். மைக் பிடிக்க ஒருத்தன் இருப்பான். போட்டோவில் நடுவில் நிற்க ஒருத்தன் இருப்பான். வண்டி பிடித்து, கயிறு வாங்கி, வெயிலில் காய்ந்து, கடைசியில் எல்லோருக்கும் சேர்த்து திட்டு வாங்கவும் ஒருத்தன் வேண்டும். அப்படிப்பட்டவனை அவர்கள் எப்போதும் தேடிக்கொண்டே இருப்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூர் அல்சூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் அவன் அகப்பட்டான். பி.காம். இரண்டாம் வருஷம், பெயர் ஏழுமலை. நான்தான்.

எங்கள் கல்லூரியில் ஒரு மாணவர் அமைப்பு இருந்தது. பெயர் எதற்கு, மன்றம் என்றே வைத்துக்கொள்வோம். தேசம், பண்பாடு, பாரம்பரியம் இவற்றைத் தவிர அவர்கள் வாயில் வேறு பேச்சு வராது. பெண்கள் துப்பட்டா, பையன்கள் முடிவெட்டு, கேன்டீனில் போடும் பாட்டு எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு கருத்து இருந்தது. ஆனால் கருத்தைக் கேட்டு யாரும் மன்றத்தில் சேரவில்லை. பஸ் பாஸில் முத்திரை விழவில்லையா, ஹால் டிக்கெட் வரவில்லையா, அட்டென்டன்ஸ் குறைகிறதா, மன்றத்துப் பையனிடம் சொன்னால் காரியம் நடக்கும். அதற்காகச் சேர்ந்தார்கள். நாம் ஆபீசுக்குப் போனால் மத்தியானம் வா என்று விரட்டுகிற கிளார்க், அவர்கள் போனால் நாற்காலி இழுத்துப் போடுவான். இடதுசாரிப் பையன்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் காலையில் நோட்டீஸ் ஒட்டினால் மத்தியானம் அதன்மேல் மன்றத்தின் நோட்டீஸ் இருக்கும். பிரின்சிபாலே மன்றத்தைக் கண்டால் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

நான் பஸ் பாசுக்காகச் சேரவில்லை. காவிரிக் கலவரத்துக்குப் பிறகு ரொம்ப நாள் அம்மா எங்களை பஸ்ஸில் தமிழ் பேச விடவில்லை. "வாய மூடிக்கினு வா" என்று தொடையில் கிள்ளுவாள். அப்படி வளர்ந்தவன் தோளில், மன்றத்தின் தலைவன் ஸ்ரீவத்ஸா ஒருநாள் கைபோட்டான். "மொழி கிழியெல்லாம் அப்புறம் குரு, நாமெல்லாம் ஒரே தேசம்" என்றான். (கன்னடத்தில்தான் சொன்னான். குரு என்றால் அங்கே மச்சான் மாதிரி. அவனுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஒரே தேசம் என்பதால் தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்று விட்டுவிட்டான் போலிருக்கிறது.) நான் உருகிப்போய்விட்டேன். தோளில் கை போட்டவன் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி போகிற வயசு அது.

அந்த வருஷம் கல்லூரி விழாவில் ஃபேஷன் ஷோ வைப்பதாக அறிவித்தார்கள். ஊரில் எங்கே பார்த்தாலும் அழகிப் போட்டிப் பேச்சாக இருந்த காலம். மன்றம் கொதித்தது. காலி வகுப்பறையில் கூட்டம் போட்டார்கள். கடைசியில் ஸ்ரீவத்ஸா மேஜையைத் தட்டி முடிவு சொன்னான். விழா நாளன்று மேல்நாட்டுக் கலாச்சாரத்துக்கு சவ ஊர்வலம் நடத்த வேண்டும். பாடை, மேளம், கொள்ளிச்சட்டி எல்லாம் அசலாக இருக்க வேண்டும். ஊர்வலம் முடிந்ததும் பொம்மையை கேட் முன்னால் கொளுத்த வேண்டும்.

எல்லோரும் கை தட்டினார்கள். பாடையை யார் ஏற்பாடு செய்வது என்று ஒருத்தன் கேட்டதும் கைதட்டல் நின்றது. ஒருத்தன் வீட்டில் அதையெல்லாம் தொட்டால் உள்ளே விடமாட்டார்கள். இன்னொருத்தனுக்கு அன்று விரதம். அப்புறம் எல்லாத் தலைகளும் மெதுவாக என் பக்கம் திரும்பின.

"உங்க ஏரியால சாவுன்னா மேளம் டான்ஸ் எல்லாம் சூப்பரா பண்ணுவீங்களே குரு" என்றான் ஸ்ரீவத்ஸா. "நீதான் சரியான ஆளு. இத முடிச்சிக் குடு, அடுத்த காலேஜ் செயலாளர் நீதான்."

அவன் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். தேசத்துக்கெல்லாம் நாம் ஒன்று, பாடைக்கு மட்டும் நான். ஆனால் என் மண்டையில் 'செயலாளர்' என்ற சொல் மட்டும்தான் நுழைந்தது. எனக்குப் பெருமை வேறு பொங்கியது. (பெருமை! இப்போது நினைத்தாலும் அந்தப் பயலைப் பிடித்து நாலு அறை விடத் தோன்றுகிறது. அந்தப் பயல் என்றால் நான்தான்.)

ஒரே ஒரு நிபந்தனை போட்டான். விஷயம் வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் போலீஸ் வந்து தடுத்துவிடும். பொம்மைக்குப் போட ஒரு ஜீன்ஸ் பேண்ட்டும் கொடுத்தான். "தம்பியோடது. கொளுத்தறப்ப கழட்டிடு. எனக்கு பத்திரமா வேணும்."

இப்போது எங்கள் வீட்டு நிலவரம் சொல்ல வேண்டும். நாங்கள் ஜோகுபாளையம். அப்பா பலராமன் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். அக்கா கலாவுக்கு ஏற்கெனவே பேசின இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. பெரும்பாடுபட்டு பொம்மனஹள்ளியில் ஒரு மாப்பிள்ளை அமைந்தார். தங்கமான பையன். அவருடைய அம்மா ராணியம்மாதான் சகுனம் பார்ப்பதில் மகா ராணி. முதல் தடவை பெண் பார்க்கக் கிளம்பியபோது காலித் தண்ணீர் லாரி எதிரே வந்தது என்று ஹோசூர் ரோட்டிலிருந்தே வீட்டுக்குத் திரும்பிப் போனவர். அவரைச் சம்மதிக்க வைத்து, நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருந்தது. எங்கள் கல்லூரி விழா அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை அப்பா முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். அம்மாவும் கலாவும் நிச்சயத்துக்குப் புடவை எடுக்க சிக்பேட்டைக்குப் போனார்கள். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு பக்கத்துப் பால்காரர் கொட்டகைக்குப் போய் மேல்நாட்டுக் கலாச்சாரத்தைச் செய்தேன். ஜீன்ஸ், சிவப்பு பனியன், உள்ளே வைக்கோல், தலைக்கு ஒரு மண்சட்டி, அதன்மேல் கூலிங் கிளாஸ். வைக்கோல் தூசி எனக்கு ஆகாது. கண் இரண்டும் சிவந்து ஊற்ற ஆரம்பித்தது. மூக்கும் கூடச் சேர்ந்துகொண்டது. வழியில் செருப்பு வார் அறுந்துவிட்டது, கழற்றி எறிந்தேன். ரெண்டு நாளாக ஷேவும் பண்ணவில்லை. அந்தக் கோலத்தில் வெறுங்காலோடு பெருமாளண்ணன் கடை முன்னால் போய் நின்றேன்.

பெருமாளண்ணன் எங்கள் பக்கத்தில் பாடை கட்டுகிறவர். (கலாவின் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவர் சம்சாரம்தான். ஒரே வீட்டில் இரண்டு தொழிலும் நடந்தது.) என்னைப் பார்த்ததும் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"இன்னா கண்ணு?"

"ஒரு பாடை வேணும்ணா. பூவெல்லாம் வெச்சு, கிராண்டா."

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பாடை சொல்ல வருகிறவனிடம் யார் என்று கேட்கமாட்டார்கள். அந்தப் பெயரை அவன் வாயாலேயே சொல்லவைப்பது கொடுமை என்பது கணக்கு. அளவு கேட்பார்கள், எத்தனை மணிக்கு எடுப்பது என்று கேட்பார்கள். மற்றதையெல்லாம் தெரு தானாகத் தெரிந்துகொள்ளும். இந்த முறை எனக்கும் நன்றாகத் தெரியும். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில்தான் இருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் தெருப்பையன் இல்லை, வருங்காலச் செயலாளர்.

"ஒசரம் எவ்ளோ கண்ணு?"

இங்கேதான் மாட்டினேன். மேல்நாட்டுக் கலாச்சாரம் எவ்வளவு உயரம் இருக்கும்? பொம்மையை அளக்கவில்லை. அந்த ஜீன்ஸ் போட்டால் யார் உயரம் வரும் என்று யோசித்தேன். மனசில் சட்டென்று வந்த ஒரே உருவத்தைச் சொன்னேன்.

"எங்கப்பா ஒசரம்ணா."

பெருமாளண்ணன் கையிலிருந்த மூங்கிலைக் கீழே வைத்துவிட்டார்.  மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"எப்ப எடுக்கறீங்க?"

"பதினோரு மணிக்கு. நானே ஆட்டோ கொண்டாந்து தூக்கினு போறேன். மேளத்த மட்டும் காலேஜ் ரோட்டுக்கு வரச் சொல்லுங்க."

"வூட்லேர்ந்து எடுக்கலயா?"

"இல்லண்ணா. அங்கேர்ந்துதான்."

"சொந்தக்காரங்க?"

"யாருக்கும் சொல்லலண்ணா. சொல்லக் கூடாதுன்ட்டாங்க. காலேஜ் பசங்களே தூக்கிடுவாங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கம்பெனியில் விபத்து, ஆஸ்பத்திரி, போலீஸ், யாரோ மிரட்டுகிறார்கள் என்று அவர் மனசில் ஒரு முழுக்கதையே ஓடியிருக்கிறது. என் தலையைத் தடவி, "நீ தைரியமா இரு கண்ணு, நாங்க கீறோம்" என்றார். ரொம்ப நல்ல மனுஷன், இந்த வயசிலும் போராட்டத்துக்கு ஆதரவு கொடுக்கிறாரே என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

நான் அந்தப்பக்கம் போனதும் அவர் சம்சாரம் எங்கள் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். பூட்டு. பூட்டைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் பொம்மனஹள்ளிக்குப் போன் போட்டு, காலேஜ் ரோட்டிலிருந்துதான் எடுக்கிறார்களாம் என்று சொல்லி, பிறகு அப்பாவின் கம்பெனிக்கும் போட்டிருக்கிறார்.

ஊர்வலம் பதினோரு மணிக்குக் கிளம்பியது. மன்றத்துப் பையன்கள் பாடையிலிருந்து நல்ல தூரத்தில் நின்றபடி கோஷம் போட்டார்கள். கடைசியில் பாடையைத் தூக்கியது நானும், பஸ் பாசுக்காகச் சேர்ந்த முதல் வருஷப் பையன்களும்தான். சாவு மேளம் அடிக்க வந்திருந்த தமட்டைக்காரர்களில் பெரியவர் பாடையை எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, பொணம் கூலிங் கிளாஸ் போட்டுகினு கீது?"

"போராட்டம்ணா."

"இன்னாவோ போ. கொள்ளிச்சட்டி யாரு புடிக்கிறது? மகன் யாரு?"

ஸ்ரீவத்ஸாவுக்கு நான் கன்னடத்தில் விளக்கினேன். அவன் முகம் மலர்ந்தது. "நீயே பிடி குரு, ரொம்ப தத்ரூபமா இருக்கும்." தோளை மாற்றிக் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றி, புகைகிற சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். மேல்நாட்டுக் கலாச்சாரத்தின் மூத்த மகன்.

இங்கே மன்றத்துக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. எங்கள் பக்கத்துச் சாவு மேளத்தைக் கேட்டு யாராலும் சும்மா நிற்க முடியாது. கல்லூரி கேட்டுக்குள் நுழைந்ததும் தமட்டைக்காரர்கள் மேளத்தின் தோலைக் கொள்ளிச்சட்டி நெருப்பில் காட்டிச் சூடேற்றி, அடியை மாற்றினார்கள். மாடியில் நின்று எங்களைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்த ஃபேஷன் ஷோ பெண்களில் ஒருத்தி முதலில் தலையை ஆட்டினாள். அப்புறம் படியிறங்கி வந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி, அப்புறம் கிரிக்கெட் டீம், அப்புறம் கேன்டீன்காரர். இடதுசாரிப் பையன்கள் கூட நோட்டீஸை பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். பிரின்சிபால் வாசலில் நின்று கைதட்டினார். விழாவில் அதுவரை இவ்வளவு உற்சாகம் வரவில்லையாம்.

"ஆடறாங்க! எதுக்கு ஆடறாங்க? நிறுத்தச் சொல்லு!" என்று ஸ்ரீவத்ஸா என் காதில் கத்தினான்.

"நீதானே அசலா வேணும்னே? அசல்னா ஆடுவாங்க!" என்று நானும் கத்தினேன்.

அப்போதுதான் கேட் வாசலில் ஒரு மெட்டடோர் வேன் வந்து நின்றது. அதிலிருந்து ராணியம்மா இறங்கினார். பின்னால் பொம்மனஹள்ளியில் இருந்த சொந்தமெல்லாம் இறங்கியது. ராணியம்மா கையில் ஆளுயர ரோஜா மாலை. அவர் பார்த்தது இதுதான். சட்டையில்லாமல், சிவந்த கண்ணோடு, கொள்ளிச்சட்டி பிடித்த நான். பின்னால் பாடை.

"அய்யோ சம்மந்தீ!" என்று ஒரு அலறல். மேளம் தானாக அடி குறைந்து ஒப்பாரி அடிக்கு மாறியது. தொழில் தெரிந்தவர்கள் அல்லவா. ராணியம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓடிவந்து பாடையில் விழுந்து மண்சட்டியைக் கட்டிக்கொண்டார். "நாளான்னிக்கு நிச்சயம், இன்னிக்கு போய்ட்டியே சம்மந்தீ! எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லாம போய்ட்டியே!" ஸ்ரீவத்ஸா அழைத்து வந்திருந்த பத்திரிகை போட்டோக்காரர் முன்னால் ஓடிவந்து அடுத்தடுத்து எடுத்துத் தள்ளினார்.

நான் வாயைத் திறந்தேன். நான் சொன்னது மேளத்தில் அமுங்கிப்போனது.

ராணியம்மா கண்ணைத் திறந்தபோது எதிரே கூலிங் கிளாசில் அவர் முகமே தெரிந்தது. அப்புறம் பனியனைப் பார்த்தார். ஜீன்ஸைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

அதே நேரத்தில் சைக்கிள் பெல் அடித்தது. கம்பெனி யூனிஃபாரத்தில், எண்ணெய்க் கையோடு, அப்பா.

கம்பெனியில் நடந்ததை அப்பா பிற்பாடு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். சூப்பர்வைசர் லேத் பக்கத்தில் வந்து நின்றாராம். "பலராமா, நீ செத்துட்டியாம், போன் வந்துது." "இல்ல சார், ஷிப்ட்ல கீறேன்." "எதுக்கும் ஒருவாட்டி வூட்டுக்குப் போய் பாத்துட்டு வந்துடு." அரை நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டுதான் விட்டாராம். வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து பெருமாளண்ணன் சம்சாரம் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அங்கிருந்து கல்லூரிக்கு விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"சம்மந்தியம்மா, அழாதீங்க. நான் இங்க கீறேன்" என்றார் அப்பா.

ராணியம்மா அவரைப் பார்த்தார். பாடையைப் பார்த்தார். கையிலிருந்த மாலையைச் சுருட்டி என்மேல் வீசினார். அது சரியாக என் கழுத்தில் விழுந்தது. கொள்ளிச்சட்டியோடு, மாலையும் கழுத்துமாக நின்றேன்.

"நிச்சயமும் வேணா, ஒரு மண்ணும் வேணா! உசுரோட கீற அப்பனுக்கு பாடை கட்ற குடும்பத்துல நான் பொண்ணு எடுக்கறதா? காலி லாரிய பாத்தப்பவே நெனச்சேன்!" வேன் கிளம்பிப் போய்விட்டது.

நான் ஸ்ரீவத்ஸாவிடம் ஓடினேன். "நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. இது போராட்டம், மன்றம் சொல்லித்தான் பண்ணினேன்னு அந்தம்மாகிட்ட சொல்லு. எங்கக்கா கல்யாணம்யா!"

அவன் பாடை முன்னால் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தான். "குரு, அது உங்க வீட்டு விஷயம். மன்றத்த அதுல இழுக்காத" என்றான். மேல்நாட்டுக் கலாச்சாரத்தின் இடுப்பிலிருந்து தம்பியின் ஜீன்ஸை உருவி, வைக்கோலைத் தட்டி, மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, போட்டோக்காரரைக் கூட்டிக்கொண்டு காபி குடிக்கப் போனான். பொம்மையை யாரும் கொளுத்தவில்லை. ஃபேஷன் ஷோ சரியான நேரத்துக்குத் தொடங்கியது. மன்றத்துப் பையன்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கண்காணிக்கவாம்.

வீட்டில் அம்மா என்னைத் துடைப்பத்தால் அடித்தாள். அது பரவாயில்லை. கலா புதுப் புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒசரம் சொல்ல உனுக்கு வேற ஆளே கெடைக்கலயாடா? அந்த ஸ்ரீவத்ஸாகூட இல்லயா?"

நான் துடைப்பத்தை எடுத்து மறுபடியும் அம்மா கையில் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை அப்பாவும் அம்மாவும் காலில் விழுந்தாவது பேசுவது என்று பொம்மனஹள்ளிக்குப் போனார்கள். வாசலில் ஒரே கூட்டமாம். நேற்றைய அதிர்ச்சியில் ராணியம்மாவுக்கே ஏதாவது ஆகிவிட்டதோ என்று அம்மா பயந்துபோயிருக்கிறாள். உள்ளே போனால் ராணியம்மா நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருக்கும் காபி கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம். மடியில் கன்னடப் பத்திரிகை. அதில் அரைப் பக்கத்துக்கு அவர் படம். வாய் திறந்து, கை விரித்து, தலை கலைந்து. கீழே எழுதியிருந்ததை யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்: பண்பாட்டுச் சீரழிவு கண்டு கதறும் தாய்.

"வாங்க சம்மந்தி" என்று அப்பாவை அவரே கூப்பிட்டாராம். "பாத்தீங்களா, நல்லா வுழுந்துருக்குதில்ல? கண்ணு மட்டும் மூடிகினேன். செத்தவன்னு சொன்ன ஆளு சைக்கிள்ல வந்தா ஆயுசு கெட்டின்னு எங்க ஜோசியரும் சொல்லிட்டாரு. நாளைக்கு வர்றோம். அந்தப் பையன் மட்டும் என் கண்ணு முன்னால வரக் கூடாது."

நிச்சயதார்த்தம் நடந்தது. நான் அன்று முழுக்க பெருமாளண்ணன் கடையில் மூங்கில்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையே ஒரு தட்டில் லட்டும் வடையும் எடுத்துவந்து கொடுத்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார்.

செயலாளர் பதவியா? கேட்காதீர்கள். மன்றத்துக்குப் பின்னால் இருந்த பெரியவர்கள் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு பொம்மனஹள்ளிக்கே போய் ராணியம்மாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்தப் பகுதியின் தாய்மார் பிரிவுக்கு அவரைத் தலைவியாக்கினார்கள். சால்வை போர்த்தியது ஸ்ரீவத்ஸா. அதற்குப் பிறகு கல்லூரியில் என்னை அடையாளம் தெரிந்த மாதிரிகூட அவன் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் என் பஸ் பாசில் முத்திரை விழவில்லை. கிளார்க், மத்தியானம் வா என்றான்.

கலாவின் பெண்ணுக்கே இப்போது கல்யாணம் ஆகிவிட்டது. அந்தப் பத்திரிகைப் படம் கண்ணாடி போட்டு ராணியம்மா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, பின்னால் கொள்ளிச்சட்டியோடு மங்கலாகத் தெரிகிற சட்டையில்லாத உருவத்தில் விரலை வைத்து, "இந்த தண்டம் எங்க சம்மந்தி பையன்" என்பார்.

அப்பாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. சளி பிடித்தாலும் சரி, மூட்டு வலித்தாலும் சரி, நான் பார்க்கப் போனால் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்துவிடுவார். போன மாதம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கையில் ஊசி, மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் குழாயை விலக்கிக்கொண்டு நர்ஸுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"டேய் ஏழுமல, வயசாயி நான் கொஞ்சம் சுருங்கிட்டேன். அவசரப்பட்டு பெருமாளாண்ட பழைய ஒசரத்த சொல்லிடாத. ஒருவாட்டி அளந்துட்டுப் போ."